மேனேஜரின் பச்சைப் பை

கனம் நீதிபதி அம்மா அவர்களுக்கு,

எனக்குக் கால்பந்து ஆடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த வழக்கில் பதினேழு சாட்சிகள் வந்து போனார்கள். பதினேழு பேரும் என்னை 'ஃபுட்பால் மேனேஜர் அண்ணாதுரை' என்றே குறிப்பிட்டார்கள். அரசுத் தரப்பு வக்கீல் அதை உச்சரித்த விதத்தைக் கேட்டபோது, ஏதோ வெளிநாட்டில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு மைதான ஓரத்தில் கத்துகிற ஆள் போல எனக்கே என்னைத் தோன்றியது. நான் ஒரகடத்தில் ஆண்கள் விடுதி நடத்துகிறவன். தொண்ணூற்றாறு கட்டில். காலை ஷிப்டுக்காரன் எழுந்து போன கட்டிலில் நைட் ஷிப்டுக்காரன் வந்து படுப்பான் என்பதால் ஆட்கள் நூற்றெழுபது. ஆஃப்சைடு என்றால் என்னவென்று எனக்குப் புரிய ஆறு வருடம் ஆனது. இப்போதும் கொடி தூக்கினால், பக்கத்தில் நிற்பவன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கோபப்படுவேன்.

போன வாய்தாவில், "சாட்சியம் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டீர்கள். என் வக்கீல் என் முழங்கையைக் கிள்ளினார். எழுத்து மூலமாகத் தருகிறேன் என்றேன். அதுதான் இது. அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். குன்றத்தூரில் என் வீட்டில், என் மனைவி மீனம்மாள் மிக்ஸி ஓட்டும் சத்தத்துக்கு நடுவே எழுதுவதால் எங்காவது கோர்வை தவறியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

விடுதிக்காரனுக்கு வாழ்க்கையில் ஒரே பயம், கட்டில் காலியாவது. தெற்கே இருந்து வேலைக்கு வருகிற பிள்ளைகள், வாடகை இருநூறு ரூபாய் குறைந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர் விடுதிக்குப் போய்விடுவார்கள். எதிர் விடுதி தளவாயுடையது. அவர் ஒரு கேரம் போர்டு வாங்கி மாடிப்படிக்கு அடியில் போட்டார். ஒரே வாரத்தில் என்னிடம் ஒன்பது கட்டில் காலி. நான் ஒரு பந்து வாங்கினேன். கேரம் போர்டு நாலு பேரைப் பிடித்து வைக்கும், பந்து பதினெட்டுப் பேரையாவது பிடித்து வைக்கும் என்பது என் கணக்கு. அணிக்கு ஒரகடம் யுனைடெட் என்று பெயர் வைத்தேன். ஒரகடத்தில் ஒன்றுபட்டிருப்பதாக நான் பார்த்தது காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் வரிசையை மட்டும்தான்.

பிறகு எட்டு விடுதிகள் சேர்ந்து ஒரு லீக் ஆரம்பித்தோம். ஞாயிறு மாலை நாலு பத்துக்கு ஆட்டம். முப்பத்தைந்து நிமிடம், பத்து நிமிட இடைவேளை, மறுபடி முப்பத்தைந்து. வல்லக்கோட்டை சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வற்றிய ஏரியில் மைதானம். ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவர் ரெஃப்ரி. முதல் பரிசு மிக்ஸி. இப்போது சமையலறையில் சத்தம் போடுவது மூன்றாம் ஆண்டுப் பரிசு.

இந்த லீக்கில் மேனேஜர் என்றால் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர் இல்லை. அதெல்லாம் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். முதல் வருடம், கோல் கம்பத்தடியில் வைத்திருந்த இரண்டு செல்போன்கள் காணாமல் போயின. அன்றிலிருந்து ஒரு வழக்கம். களத்தில் இறங்குகிற பதினொருவரும் செல்போனைக் கழற்றி மேனேஜரின் பையில் போட்டுவிட்டு இறங்குவார்கள். வெளியே உட்காருகிற மாற்று ஆட்கள் தங்கள் போனைத் தாங்களே வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு வீடியோ எடுக்க வேண்டும், விடுதிக்குத் திரும்பியதும் ஸ்டேட்டஸ் போட வேண்டும். எங்கள் ஊரில் மேனேஜர் என்றால் பையை வைத்திருப்பவர். என் பை பச்சை ரெக்சின். பெயின்ட் கடையில் இலவசமாகக் கொடுத்தது.

அந்தப் பையில்தான் பகலவன் கண் விழுந்தது.

பகலவன் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கணக்கு எழுதும் கடை வைத்திருந்தவன். விடுதிக்கு வருமானக் கணக்குப் போட்டுத் தர வருவான். ஒருநாள் என் மேஜை டிராயரில் ஆதார் நகல்கள் கத்தையாகக் கிடப்பதைப் பார்த்தான்.

"இன்னா தலைவா, இதெல்லாம் சும்மா கீது?"

"ரூம் குடுத்தா ஆதார் வாங்கணும்ல?"

"தங்கத்தை டிராயர்ல போட்டு, மேல சமோசா தின்னுகினு கீறியே. நீயெல்லாம் பிஸினஸ்மேனு."

அவன் சொன்னதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். ஒருவர் பெயரில் காகிதத்தில் ஒரு பழைய இரும்பு வியாபாரக் கம்பெனி. அந்தக் கம்பெனி இல்லாத இரும்பை விற்றதாக பில் போடும். பில்லை வாங்குகிறவர், தான் ஏற்கெனவே வரி கட்டிவிட்டதாகக் காட்டி அரசுக்குச் செலுத்த வேண்டியதைக் குறைத்துக்கொள்வார். பில்லுக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் எங்களுக்கு. லாரி கிடையாது, இரும்பு கிடையாது, கையில் அழுக்குக்கூட ஒட்டாது. இதற்கு ஆதார், பான் கார்டு, போட்டோ, கையெழுத்து வேண்டும்.

பான் கார்டை லீக் பதிவுப் படிவத்தில் சேர்த்தேன். கோல்கீப்பர் அருள்பாண்டி ஒருவன்தான் கேட்டான்.

"எண்ணே, கோல்கீப்பருக்கு எதுக்குண்ணே பான் கார்டு? பந்தைப் புடிச்சா வரி உண்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்து வனமாமலை சொன்னான்: "ஏல, அண்ணன் கேட்டாக் குடுல. நீ புடிக்கிற லட்சணத்துக்கு உனக்கு ரீஃபண்டுதான் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரே மாலையில் பதினாறு பான் கார்டு வந்தது. வனமாமலை நாங்குநேரிப் பக்கம். வலதுபுற ஓரத்தில் ஓடுகிறவன். இருபத்து நாலு வயது. அவன் அக்கா மாரிசெல்வி செல்போன் கம்பெனி லைனில் வேலை பார்த்துக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூரில் பெண்கள் விடுதியில் இருந்தாள். தம்பியை இங்கே வரவழைத்து என் விடுதியில் சேர்த்தவளும் அவள்தான். அட்வான்ஸ் கொடுத்தபோது, "நல்லாப் பாத்துக்கோங்கண்ணே, சாப்பிட மறந்துருவான்" என்றாள். நான் பார்த்துக்கொண்டேன். அவனுக்கு ஜன்னல் ஓரக் கட்டில் கொடுத்தேன்.

ஏழு பேர் பெயரில் ஏழு கம்பெனிகள். பெயர் வைக்கும் வேலையை மட்டும் பகலவன் என்னிடம் விட்டான். நான் வனமாமலைக்கு 'ரைட் விங் மெட்டல்ஸ்' என்றும் அருள்பாண்டிக்கு 'கோல்டன் கேட் டிரேடர்ஸ்' என்றும் வைத்தேன். என்னை விசாரித்த அதிகாரி இதைப் படித்ததும் பேனாவை மூடிவிட்டு ஒரு நிமிடம் ஜன்னலைப் பார்த்தார். சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன். எந்தத் திருடனும் தன் திருட்டுக்கு இவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்க மாட்டான்.

புத்தியுள்ளவர்கள் இதற்குத் தனியாக சிம் கார்டு வாங்குவார்கள். பகலவனும் அதைத்தான் சொன்னான். ஏழு சிம், மாதம் ஏழு ரீசார்ஜ் என்று கணக்குப் பார்த்து நான் மறுத்துவிட்டேன். ஏழு பேருடைய சொந்த போனும் ஞாயிற்றுக்கிழமை என் மடிக்கு வருகின்றன, செலவு எதற்கு? மாதாமாதம் இருபதாம் தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்யும்போது அந்தந்த போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதைக் கணினியில் அடிக்க வேண்டும். பிறகு செய்தியை அழித்துவிட வேண்டும். போனைத் திறக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளைகள் எல்லோரும் தங்கள் ஜெர்சி எண்ணை இரண்டு முறை அடித்துத்தான் பூட்டியிருந்தார்கள். ஜெர்சி எண்ணைக் கொடுத்தவனே நான்தான்.

ஏரி மைதானத்தில் சிக்னல் கிடையாது, ஓர் இடத்தைத் தவிர. தென்கிழக்கு மூலையில், உயர் அழுத்த மின்கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேடு. அங்கேதான் என் காரை நிறுத்துவேன். ஏசியைப் போட்டு, லேப்டாப்பை மடியில் வைத்து, பச்சைப் பையைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொள்வேன். இரண்டு அடி முன்னே எடுத்தாலும் இணைப்பு அறுந்துவிடும். வெளியே இருந்து பார்த்தவர்கள் நான் ஆட்டத்தை வீடியோ போட்டு அலசுகிறேன் என்று நினைத்தார்கள்.

இதில் ஒரு சங்கடம். வெளியே உட்காருகிறவனின் போன் என்னிடம் வராது. ஆகவே யாருடைய கணக்கு அந்த ஞாயிறு போக வேண்டுமோ அவன் ஆடியாக வேண்டும். பதினோரு மாதம் ஒரகடம் யுனைடெட்டின் ஆட்களை நான் தேர்ந்தெடுத்தது இந்த ஒரு விதிப்படிதான். கால்பந்து தெரிந்தவர்கள் குழம்பினார்கள். இரண்டு கோல் போட்ட மணிகண்டபிரபு மறுவாரம் வெளியே உட்கார்ந்தான், ஏனென்றால் அவன் கணக்கு முடிந்துவிட்டது. ஆனால் பாருங்கள், ஷிப்டில் நொந்து போகிற பிள்ளைகளுக்கு இப்படி ஓய்வு கிடைத்ததாலோ என்னவோ நாங்கள் ஜெயித்துக்கொண்டே இருந்தோம். ஒருநாள் தளவாய் டீக்கடையில் என்னைத் தனியே அழைத்தார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. அந்த ரொட்டேஷன் என்ன கணக்குன்னு எனக்கு மட்டும் சொல்லப்படாதா?"

"அது ஒரு சென்ஸுபா. சொன்னா வராது."

அவர் என் பட்டியலைப் பார்த்து அப்படியே தன் அணியிலும் செய்தார். தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்றார். நான் அரசுக்குச் செய்த கெடுதலுக்கு வழக்கு நடக்கிறது. தளவாய்க்குச் செய்ததற்கு எந்தப் பிரிவு என்று தெரியவில்லை.

எனக்கு இன்னொரு கெட்ட பழக்கம், ஒழுங்கு. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நோட்டில் எழுதுவேன். எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு இடைவேளை, யார் உள்ளே, யார் வெளியே. அந்த நோட்டு உங்கள் கோப்பில் பதினான்காம் சான்றாவணமாக இருக்கிறது. எல்லாக் கணக்குகளும் ஞாயிறு மாலை நாலு பத்திலிருந்து ஐந்தரைக்குள், இடையில் பத்து நிமிடம் விட்டுத் தாக்கலாகியிருப்பதை அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் எந்தக் கள்ளக் கணக்குக்கும் இடைவேளை கிடையாது என்றார் அரசு வக்கீல். நோட்டில் ஆடியவர்கள் பட்டியலும் தாக்கல் பட்டியலும் வரிக்கு வரி ஒத்துப்போயின. நான் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் இன்று இங்கே நின்றிருக்க மாட்டேன்.

இதுவரை எழுதியது எல்லாம் குற்றப்பத்திரிகையில் இருப்பதுதான். ஆமாம், செய்தேன். பகலவனும் நானும் செய்தோம். பகலவன் எங்கே என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது.

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதத்தான் வக்கீலுக்குத் தெரியாமல் உட்கார்ந்தேன். அவர் யோசனை வேறு. ஏழு கம்பெனிகளில் பெரியது ரைட் விங் மெட்டல்ஸ். வரி மட்டும் இரண்டு கோடியே பதினாலு லட்சம். "அண்ணாதுரை, வனமாமலை எல்லாம் தெரிஞ்சே செஞ்சான்னு சொல்லிடலாம். அவன்தான் மூளை, நீங்க சும்மா ரூம் குடுத்தவரு. இறந்தவருக்கு இதுல ஆட்சேபணை இருக்காது" என்றார். நல்ல வக்கீல். கட்டணமும் நியாயம்தான்.

ஆனால் நாங்குநேரியில் வனமாமலையின் அம்மா இருக்கும் இரண்டறை ஓட்டு வீடு, தகப்பனார் போன பிறகு வனமாமலை பெயருக்குப் பட்டா மாறியிருந்தது. இரண்டு கோடியே பதினாலு லட்சத்துக்கு அந்த வீட்டைக் குறித்து நோட்டீஸ் போயிருக்கிறது. அவன் தெரிந்து செய்தான் என்று இந்த நீதிமன்றம் எழுதினால் வீடு போகும். தெரியாது என்று எழுதினால் வீடு நிற்கும். மாரிசெல்வி ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டுவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவது அதற்காகத்தான். ஆகவே எழுதுகிறேன்: அவனுக்குத் தெரியாது.

போன வாய்தா முடிந்ததும் நீதிமன்ற வாசலில் அவள் என்னிடம் வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அருள்பாண்டி ஏற்கெனவே திட்டியிருந்தான். "எண்ணே, உங்க பைல போன் இருந்தா பேங்க் லாக்கர்ல இருக்க மாதிரின்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனேண்ணே. என்னை மாதிரி கேனையன் உண்டுமா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான். மாரிசெல்வி திட்டவில்லை. கையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். எங்க லைன்ல ஒரு போர்டு எத்தனை செகண்டுல வந்து எத்தனை செகண்டுல போவுதுன்னு குறிக்கணும். அதான் எனக்கு வேலை. இன்னைக்கு உள்ள வாசிச்சாவள்ல, உங்க மேட்ச் நோட்டு. அஞ்சு ஏழுக்கு எந்தம்பி வெளியன்னு இருக்கு."

"ஆமாம்மா."

"வண்டி எப்பண்ணே கெளம்புச்சு?"

"உடனேதாம்மா."

அவள் நோட்டில் எதுவும் எழுதவில்லை. "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். கேள்வி அவ்வளவுதான்.

அது ஜூலை இருபது, ஞாயிறு. அதற்கு முந்தின ஞாயிறு மழையால் ஆட்டம் நடக்கவில்லை. ஆகவே ரைட் விங் மெட்டல்ஸ் கணக்குக்கு அதுவே கடைசி நாள். மூன்றரை மணிக்கு வனமாமலை என்னிடம் வந்தான். முந்தின நாள் நைட் ஷிப்டு முடிந்து, அப்படியே ஓ.டி. பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"அண்ணே, இன்னைக்கு நான் வெளிய இருந்துக்கிடுதேன். பதினாறு மணி நேரம் நின்னது. நெஞ்சுக்குள்ள அமுக்குத மாதிரி இருக்கு."

"அது கேஸுபா. ஒரு சோடா குடி, பூடும். நீ இல்லாம ரைட் சைடு இன்னாத்துக்கு ஆவும்?"

அவனுக்கு அது பெருமையாக இருந்தது. சோடா நான்தான் வாங்கிக் கொடுத்தேன். போனைப் பையில் போட்டுவிட்டு இறங்கினான்.

கடைசி நாள் என்பதால் நாடே அன்று மாலைதான் கணக்குப் போட்டது. முதல் பாதி முழுக்க இணையதளத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இடைவேளையில் அவன் தரையில் மல்லாந்து படுத்துவிட்டான். வாரவிடுமுறை என்று மாரிசெல்வி ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். கார் கண்ணாடியைத் தட்டினாள்.

"அண்ணே, அவன் மூஞ்சியே சரியில்ல. வெளிய எடுத்துருங்க."

வெளியே எடுத்தால் போனைக் கேட்பான். "ஒரு பத்து நிமிஷம்மா, மாத்திடறேன்" என்றேன். அவனுக்குக் குளுக்கோஸ் கொடுத்து மறுபடி களத்துக்கு அனுப்பினேன். நாலு ஐம்பத்தைந்துக்கு மறுபாதி தொடங்கியது. ஐந்து ஏழுக்கு, பந்து பக்கத்தில் இல்லாதபோது, அவன் ஓரக் கோட்டில் உட்கார்ந்தான். பிறகு சாய்ந்தான்.

அப்போதுதான் இணையதளம் திறந்திருந்தது.

நான் காரிலிருந்து இறங்கினேன். இதைக் குறித்துக்கொள்ளவும், நான் இறங்கினேன். அவன் கண் திறந்திருந்தது, வியர்வை ஊற்றியது. அருள்பாண்டி கோலை விட்டு ஓடி வந்து, "பைக்குல தூக்கிட்டுப் போயிருதேண்ணே" என்றான். பைக்கில் போனால் அக்காவும் கூடப் போவாள், காப்பீட்டு அட்டை அதில்தான் இருக்கிறது என்று தம்பியின் போனைக் கேட்பாள். "பைக்ல வாணாம்பா, விழுந்துட்டா? கார்ல நானே இட்டுகினு போறேன். நெழல்ல படுக்க வை" என்றேன். கேட்பவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கும்தான். அருள்பாண்டியிடம் கோலுக்குப் போகச் சொன்னேன். ரெஃப்ரியிடம், "நீங்க ஆட்டத்தை நடத்துங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றேன். மணிகண்டபிரபு உள்ளே இறங்கினான். அவன் தன் போனைப் பையில் போடக் காருக்கு ஓடி வந்தது நினைவிருக்கிறது. நல்ல பிள்ளை, வழக்கம் மாறாதவன்.

காரில் ஏறிக் கதவைப் பூட்டினேன். வனமாமலையின் போன் என் கையில். தளத்தில் அந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டேன். வரவில்லை. மறுபடி கேட்டேன். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஏசிக்காக. கியரைப் போட்டால் இணைப்பு அறுந்துவிடும். மாரிசெல்வி வந்து கண்ணாடியைத் தட்டினாள். அவள் வாய் அசைந்தது. உள்ளே ஏசி சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் 'வண்டிய எடுங்கண்ணே' என்பதுதான். நான் ஒரு விரலைக் காட்டினேன். ஒரு நிமிடம் என்று அர்த்தம். அவள் திரும்பி ஓடி, கழுத்தில் கிடந்த கம்பெனி அட்டையால் அவனுக்கு விசிறினாள். பிறகு மறுபடி வந்தாள். மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் அதே விரல்.

நடுவில் பெரிய கூச்சல் கேட்டது. மணிகண்டபிரபு கோல் போட்டிருந்தான். நோட்டை எடுத்து '5.13, கோல்' என்று எழுதினேன். பழக்கம்.

ஆறு இலக்கம் வந்தது. அடித்தேன். பச்சை நிறத்தில் ஒப்புகை எண் வந்தது. செய்தியை அழித்தேன். அந்த ஒப்புகையின் நேரம் முப்பத்தொன்றாம் சான்றாவணத்தில் இருக்கிறது: 5.16. அதற்குப் பிறகு நான் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. அவனைப் பின் சீட்டில் படுக்க வைத்து, மைதானத்திலிருந்து மருத்துவமனைக்குப் பதினோரு நிமிடத்தில் போனேன். அந்தச் சாலையில் அதைவிட வேகமாக யாரும் போக முடியாது. மாரிசெல்வியின் மடியில் அவன் தலை. வழியில் மேம்பாலத்துக்குக் கீழே, "அக்கா, போனைக் குடு, அம்மைகிட்ட பேசணும்" என்றான். போன் என் சட்டைப்பையில் இருந்தது. உடனே எடுத்துக் கொடுத்தேன். அவள் போட்டாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தபோது அவன் கேட்பதை நிறுத்திவிட்டான்.

எப்போது விழுந்தார் என்று டாக்டர் கேட்டார். இப்போதுதான் என்றேன்.

அம்மா, பதினான்காம் ஆவணமும் முப்பத்தொன்றாம் ஆவணமும் எட்டு மாதமாக ஒரே மேஜையில் இருக்கின்றன. அதிகாரிகள் பார்த்தார்கள், வக்கீல்கள் பார்த்தார்கள், நீங்களும் பார்த்தீர்கள். யாரும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கவில்லை. கழித்தால் ஒன்பது. எனக்குத் தெரிந்து இந்தக் கணக்கைப் போட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கடைசி பெஞ்சில் இருக்கிறாள். அந்த ஒன்பது நிமிடத்தை நான் வனமாமலையிடமிருந்து எடுத்தேன். எடுக்கிறேன் என்று தெரிந்தே எடுத்தேன். இது வரி வழக்கு என்பதால் இதற்கு இங்கே பிரிவு இல்லை என்று என் வக்கீல் சொல்வார். இருக்கிற இடத்துக்கு இதை அனுப்பி வைக்கவும்.

அந்த ஆட்டத்தில் ஒன்றுக்கு சைபர் என்று ஜெயித்தோம். நோட்டில் இருக்கிறது.

தண்டனை பற்றி எனக்கு வேண்டுகோள் எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் பதிவு செய்துகொள்ளக் கேட்கிறேன், மாரிசெல்விக்கும் தெரியட்டும். மற்ற ஆறு கணக்குகளிலும் எங்காவது ஒரு நாள், இரண்டு நாள் பிசகியிருக்கும். வனமாமலை பெயரில் இருந்த கணக்கு மட்டும் பதினோரு மாதத்தில் ஒருமுறைகூடத் தாமதமானதில்லை, ஒரு ரூபாய் அபராதம் விழுந்ததில்லை. அந்தப் பிள்ளையை நல்லபடியாகப் பார்த்துக்கொள்வதாக அவன் அக்காவிடம் சொல்லியிருந்தேன்.

இப்படிக்கு,
அண்ணாதுரை,
மேனேஜர், ஒரகடம் யுனைடெட்